நாட்டிலஸ் 802 ஸ்பீக்கர் வாங்கலாமா? கையில் இருப்பது 40 வாட் வால்வு ஆம்ப்

மொட்டைமாடி · மடிப்பாக்கம் · சனி இரவு 10.42

வணக்கம். நாலு வருடமாக இங்கே வாசிக்க மட்டும் வந்து போகிறவன். இப்போது வாயைத் திறக்க வேண்டிய கட்டாயம் வந்துவிட்டது.

பெசன்ட் நகரில் ஒரு பெரியவர் மகனோடு அமெரிக்கா போகிறார். வீட்டில் பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் நாட்டிலஸ் 802 ஒரு ஜோடி இருக்கிறது. ஒரே கை மாறியது, அட்டைப்பெட்டி இல்லை. மூன்றே முக்கால் லட்சம் கேட்கிறார். நேரில் ஒரு தடவை பார்த்தேன். தலையில் அந்த உருண்டை, அதன் மேல் மேல்சுருதி ஒலிக்கும் ட்வீட்டர் கூம்பு. அன்று இரவு தூக்கம் வரவில்லை.

என்னிடம் இருப்பது இ.எல். 34 என்ற கண்ணாடிக்குழாய் வால்வு போட்ட 40 வாட் புஷ்-புல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்). 8 ஓம், 4 ஓம் என்று இரண்டு டெர்மினல் உண்டு. இதை விற்க மனமில்லை. அறை 14 அடிக்கு 11 அடி, உயரம் 10 அடி. கான்கிரீட் சுவர், டைல்ஸ் தரை, ஒரு சோபா. கேட்பது பெரும்பாலும் கச்சேரிப் பதிவுகள், நாகஸ்வரம்-தவில், பழைய சினிமாப் பாட்டு, எப்போதாவது ஜாஸ்.

மாற்றாக இன்னும் இரண்டு கண்ணில் பட்டிருக்கின்றன. திருச்சியில் ஹார்பெத் காம்பாக்ட் 7 இ.எஸ். 3. சென்னையிலேயே டைனாடியோ காண்டூர் 1.3. இரண்டுமே 802-ஐவிட விலை குறைவு. ஆனால் மனசு 802-லேயே நிற்கிறது. "நடுவீட்டில் இரண்டு பீரோவை நிறுத்தப் போகிறீர்களா?" என்று வீட்டில் கேட்டாகிவிட்டது. அதற்குப் பதில் என்னிடம் இல்லை. நீங்கள் ஆம்ப் விஷயத்தை மட்டும் சொல்லுங்கள்.

தவில்காது · தஞ்சாவூர் · சனி இரவு 11.05

வாங்கிடுங்க. 802 எல்லாம் அடிக்கடி வராது.

பியூஸ்போனவன் · அம்பத்தூர் · ஞாயிறு காலை 7.20

வாங்காதீர்கள். அதாவது, இந்த ஆம்புக்கு வாங்காதீர்கள்.

802-இன் காகிதத்தில் 8 ஓம், சென்சிடிவிட்டி (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் வரும் சத்தம்) 91 டெசிபல் என்று இருக்கும். "91 என்றால் 40 வாட் தாராளம்" என்று நாலு பேர் வந்து சொல்வார்கள். சத்தத்துக்குத் தாராளம்தான், சந்தேகமில்லை. சிக்கல் அந்த 8 ஓம் என்ற வார்த்தையில் இருக்கிறது. ஸ்பீக்கருக்கு ஒரே இம்பிடன்ஸ் (கரண்டுக்குக் காட்டும் எதிர்ப்பு) என்று எதுவும் கிடையாது. சுருதிக்குச் சுருதி மாறும். ஓர் இடத்தில் 20 ஓம் வரை ஏறும், இன்னோர் இடத்தில் 4-க்கும் கீழே சறுக்கும். இந்தக் கம்பெனியின் பெரிய மாடல்கள் பாஸ் (கீழ்ச்சுருதி) பகுதியில்தான் சறுக்கும். இசையில் கரண்ட் அதிகம் கேட்கும் இடமும் அதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். உங்கள் ஆம்ப் 8 ஓமில் 40 வாட் தர சுமார் 18 வோல்ட் வேண்டும். அதே 18 வோல்ட்டை 3.5 ஓமில் கொடுத்தால் 90 வாட்டுக்கு மேல் போகும். வால்வால் அது முடியாது. அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் முக்கும், மிருதங்கத்தின் தொப்பி (இடந்தலை) சத்தம் கொழகொழவென்று ஆகும்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு, பலர் கவனிப்பதில்லை. வால்வு ஆம்புக்கு உள்ளேயே ஓர் எதிர்ப்பு இருக்கிறது. பழைய முறையில் கட்டியதில் 2 ஓம் இருந்தாலும் ஆச்சரியமில்லை. ஸ்பீக்கர் 20 ஓம் காட்டும் இடத்தில் அந்த 2 ஓம் விழுங்குவது ஒரு டெசிபலுக்கும் குறைவு. 3.5 ஓம் காட்டும் இடத்தில் கிட்டத்தட்ட 4 டெசிபல் விழுங்கும். ஆக, ஸ்பீக்கர் டிசைன் செய்தவர் நேராக இழுத்து வைத்த கோட்டை உங்கள் ஆம்ப் 3 டெசிபல் அளவுக்கு வளைத்துவிடுகிறது. டோன் கண்ட்ரோலை யாரோ திருகிவிட்டுப் போன மாதிரி. நல்ல டிரான்சிஸ்டர் ஆம்பில் உள் எதிர்ப்பு 0.05 ஓம் அளவுதான், அங்கே இந்த வித்தியாசம் பத்தில் ஒரு டெசிபல்.

வால்வுதான் வேண்டும் என்றால் இம்பிடன்ஸ் கோடு ரொம்ப ஏறி இறங்காத ஸ்பீக்கராகப் பாருங்கள். ஸ்பீக்கர் 802-தான் வேண்டும் என்றால் ஆம்பை மாற்றுங்கள். இரண்டையும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழ முடியாது.

காண்டூர் 1.3 பற்றி ஒரே வரி. டைனாடியோ 4 ஓம் குடும்பம், சென்சிடிவிட்டியும் குறைவு, கரண்ட் குடிக்கும். உங்கள் ஆம்புக்கு அதுவும் ஆகாது.

தவில்காது · தஞ்சாவூர் · ஞாயிறு காலை 9.48

பியூஸ் சார் கணக்கில் தப்பு சொல்லவில்லை. ஆனால் கும்பகோணத்தில் ஒரு நண்பர் வீட்டில் இதே மாதிரி பெரிய பவர்ஸ் அண்ட் வில்கின்ஸ் ஜோடியை வால்வில் போட்டுக் கேட்டிருக்கிறேன். ராத்திரி பதினோரு மணி, மெல்லிய சத்தம். நாகஸ்வரத்தில் அந்தச் சீவாளிக் காற்று முகத்தில் அடித்தது. அந்த இனிப்பை எந்த டிரான்சிஸ்டரிலும் நான் கேட்டதில்லை. கோடு வளைந்தால் என்ன, காதுக்குப் பிடித்தால் போதாதா?

பியூஸ்போனவன் · அம்பத்தூர் · ஞாயிறு காலை 10.15

போதும். ஆனால் மெல்லிய சத்தத்தில் ஆம்ப் ஒன்று இரண்டு வாட்டில் ஓடுகிறது, அங்கே எந்த ஆம்பும் இனிக்கும். தனியாவர்த்தனம் வரும்போது அந்த நண்பர் வால்யூமை ஏற்றினாரா?

தவில்காது · தஞ்சாவூர் · ஞாயிறு காலை 10.21

ஏற்றவில்லை. பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை.

கந்தர் · டொராண்டோ · ஞாயிறு மாலை 6.30

இஞ்சை இப்ப காலமை, கோப்பியோடு வாசிக்கிறேன். நல்ல விவாதம்.

மொட்டைமாடி தம்பி, யார் என்ன சொன்னாலும் முதலில் அந்த ஸ்பீக்கரின் அளவீட்டுப் படத்தை வடிவாகப் பாருங்கோ. ஸ்டீரியோஃபைல் இதழ் எத்தனையோ வருடமாக இம்பிடன்ஸ் படம் போடுகிறது. முழுக்கோடு இம்பிடன்ஸ், புள்ளிக்கோடு ஃபேஸ், அதாவது வோல்ட்டும் கரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று எவ்வளவு விலகி ஓடுது என்பது. இம்பிடன்ஸ் தாழும் அதே இடத்தில் ஃபேஸும் மைனஸ் 40, 50 பாகைக்குப் போனால் ஆம்புக்கு இரட்டைப் பாரம். நெம்பர் 4 ஓம் என்று இருந்தாலும் ஆம்ப் அதை 2 ஓம் மாதிரித்தான் உணரும். விளம்பரத் தாளில் இது வராது.

என் பிழையையும் சொல்கிறேன், சிரிக்க வேண்டாம். தொண்ணூறுகளில் இங்கே வந்த புதிதில் இன்ஃபினிட்டி கப்பா 9 ஒரு ஜோடி மலிவாகக் கிடைத்தது. ஏன் மலிவு என்று கேட்கவில்லை. அந்த மாடல் பாஸில் 1 ஓம் பக்கத்துக்கே இறங்கும் என்று பிறகுதான் தெரியும். என்னிடம் இருந்த 60 வாட் ரிசீவர் இரண்டு தடவை தானாக நின்றது, மூன்றாம் தடவை மணத்தது. ஸ்பீக்கர் 300 டொலர், ரிசீவர் போன நட்டம் 400 டொலர். இதைவிட மோசமானது அப்போஜி சிண்டிலா, அதை 1 ஓமிலேயே ஓட்டுவார்கள். வெல்டிங் மெசின் என்று பெயர் எடுத்த ஆம்புகள் அதற்காகவே வாழ்ந்தன.

ஆம்ப் மாற்றுவது என்று முடிவெடுத்தால், இங்கே பழைய சந்தையில் பிரைஸ்டன் நிறையக் கிடைக்கும். ஒன்டாரியோவில் பீட்டர்பரோ என்ற ஊரில் செய்வது. 20 வருட வாரண்டி கொடுத்த கொம்பனி, 3பி, 4பி எல்லாம் பாரம் பார்த்துப் பயப்படாது. ஆனால் இங்கத்தையது 120 வோல்ட். உங்களுக்கு 230. உள்ளே மாற்ற முடியுமா என்று அந்த மாடலுக்குத் தனியாக விசாரியுங்கோ. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டால் ஆம்ப் விலையில் பாதி அதற்கே போகும், தாராளமான அளவில் எடுக்காவிட்டால் அதுவே குரலை நெரிக்கும். யப்பானில் இருந்து வரும் அழகான பழைய ஆம்புகள் 100 வோல்ட், அதற்கும் இதே கதைதான். அட்டையைப் பாராமல் நேரே சொருகி வெடிக்க வைத்த ஆட்களை எனக்குத் தெரியும்.

களிம்பு · வேளச்சேரி · ஞாயிறு இரவு 9.10

ஆம்ப் சண்டை ஒரு பக்கம் நடக்கட்டும். பழைய ஸ்பீக்கரை ரிப்பேர் பார்த்து வயிறு வளர்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் வாங்கப்போவது 802 என்ற பேரை இல்லை, இருபது இருபத்தைந்து வருடம் பெசன்ட் நகர் உப்புக்காற்றில் நின்ற இரண்டு குறிப்பிட்ட பெட்டிகளை. போகும்போது ஒரு டார்ச், மல்டிமீட்டர், டோன் ஜெனரேட்டர் ஆப் போட்ட போன், இவை போதும். உங்கள் ஆம்பையும் தூக்கிக்கொண்டு போங்கள். வெட்கப்படாதீர்கள்.

முதலில் டெர்மினல். நட்டைக் கழற்றிப் பாருங்கள். பச்சைக் களிம்பு இருந்தால் உள்ளேயும் இருக்கும். இரண்டு ஸ்பீக்கரின் சீரியல் நம்பரும் ஜோடியா என்று பாருங்கள். ஜோடி இல்லாவிட்டால் விலையை உடைக்கலாம், அப்புறம் விற்கும்போது உங்கள் விலையும் உடையும்.

வூஃபர், அதாவது கீழ்ச்சுருதி டிரைவர், அதன் கோனைச் சுற்றிய விளிம்பு ரப்பரா ஃபோமா? 802-க்கு ரப்பர், அந்தக் கவலை குறைவு. ஆனால் இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு: பழைய ஜே.பி.எல்., இன்ஃபினிட்டி வாங்கினால் ஃபோமை விரலால் தொட்டுப் பாருங்கள். வெளிநாட்டில் பதினைந்து வருடம் தாங்கும் ஃபோம் நம் ஊர் ஈரத்தில் அதற்கு முன்பே பட்டாணி மாவு போல உதிரும். ஃபோம் மாற்றலாம், அது பெரிய நோய் இல்லை. உதிர்ந்த பிறகும் ஓட்டி வாய்ஸ் காயில் (கோனை ஆட்டும் கம்பிச்சுருள்) உரசிப்போனதுதான் நோய். கோனின் இரண்டு பக்கமும் விரல்களைச் சமமாக வைத்து மெல்ல அழுத்துங்கள். சரசரவென்று சத்தம் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

மல்டிமீட்டரில் இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்பதே கேள்வி. மேல் டெர்மினலில் மீட்டர் ஒன்றுமே காட்டாவிட்டால் ட்வீட்டர் போச்சு என்று அலறாதீர்கள், கெபாசிட்டர் தொடராக இருந்தால் அப்படித்தான் இருக்கும். ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் காட்டாவிட்டால் அலறலாம்.

பிறகு சைன் டோன், அதாவது ஒரே சுருதியில் வரும் தனிச் சத்தம். 20 ஹெர்ட்ஸில் இருந்து மெதுவாக ஏற்றுங்கள், சத்தம் குறைவாக. எங்காவது கரகரப்பு, சலசலப்பு வந்தால் நிறுத்தி எந்த டிரைவர் என்று கண்டுபிடியுங்கள். ஒரு நாளிதழைக் குழலாகச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை டிரைவர் பக்கத்திலும் வைத்தால் தனித்தனியாகக் கேட்கும். ட்வீட்டரை அப்படிக் கேட்கும்போது வால்யூம் நன்றாகத் தணிந்திருக்கட்டும்.

கடைசியாக, மோனோ. நம் ஆட்களுக்கு இதில் ஒரு கொடுப்பினை உண்டு. பழைய கச்சேரிப் பதிவுகள் பெரும்பாலும் மோனோ, இரண்டு பக்கமும் ஒரே ஒலி. ஏதாவது ஒன்றைப் போட்டு நடுவில் உட்காருங்கள். பாடுபவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஆணி அடித்த மாதிரி நிற்க வேண்டும். கீழ் ஸ்தாயியில் நடுவில் நின்று மேல் ஸ்தாயியில் இடப்பக்கம் நகர்ந்தார் என்றால் ஒரு பக்க ட்வீட்டரோ கிராஸோவர் (சுருதியைப் பிரித்து டிரைவர்களுக்கு அனுப்பும் சர்க்யூட்) கெபாசிட்டரோ சோர்ந்துவிட்டது. ஸ்பீக்கரை இடம் மாற்றி வைத்தும் கேளுங்கள், அறையின் குறும்பா பெட்டியின் குறும்பா என்று அப்போதுதான் தெரியும்.

அப்புறம், 2015 வெள்ளம். எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். அதில் நின்ற ஸ்பீக்கர்கள் இன்னும் சந்தையில் சுற்றுகின்றன. அடிப்பக்க மரம் உப்பியிருக்கிறதா, வெனீர் ஓரம் பிளந்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அடி காட்டிக்கொடுத்துவிடும்.

மொட்டைமாடி · மடிப்பாக்கம் · புதன் இரவு 11.30

போய்விட்டு வந்தேன். ஆம்பையும் தூக்கிக்கொண்டு போனேன். 22 கிலோ, லிஃப்ட் இல்லாத இரண்டாவது மாடி. களிம்பு சாருக்கு என் இடுப்பின் சார்பில் நன்றி.

சீரியல் நம்பர் ஜோடிதான். டெர்மினலில் லேசான களிம்பு, துடைத்தால் போய்விட்டது. மீட்டரில் இரண்டும் ஒன்று. வூஃபரில் உரசல் இல்லை. இடது ட்வீட்டரின் டோமில் ஒரு குழி, பேத்தி விரலால் அமுக்கிய வேலையாம். பெரியவர் மறைக்கவில்லை, அவரே காட்டினார். மோனோ சோதனையில் பாடகர் மேல் சட்ஜமத்துக்கு மேலே போனபோது கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்தார். எனக்கு அப்படித் தோன்றியதா, குழியைப் பார்த்தபிறகு காது கற்பனை செய்ததா தெரியவில்லை. பெரியவர் 25 ஆயிரம் குறைக்கத் தயார்.

இப்போது ஆம்ப். முதலில் என் வால்வு ஆம்பை 8 ஓம் டெர்மினலில் மாட்டினேன். வீணை அபாரம். தவில் வந்ததும் பியூஸ் சார் எழுதியது அப்படியே கண்முன் வந்தது: அடி விழுகிறது, ஆனால் எப்போது நிற்கிறது என்று தெரியவில்லை. சாக்கு மூட்டையைத் தட்டிய மாதிரி. 4 ஓம் டெர்மினலுக்கு மாற்றினேன், கொஞ்சம் இறுகியது, வாட் குறைந்ததும் தெரிந்தது. அப்புறம் பெரியவர் தன் பழைய 200 வாட் டிரான்சிஸ்டர் ஆம்பில் அதே பதிவைப் போட்டார். வலந்தலையும் தொப்பியும் தனித்தனியாக, தோலின் இழுவிசை வரை கேட்டது. என் ஆம்பின் மீது எனக்கே கோபம் வந்தது.

ஆனால் அவருடைய ஹால் 25 அடி நீளம். அது என் மண்டையில் அப்போது ஏறவில்லை. வீட்டுக்கு வந்து என் அறையைப் பார்த்ததும்தான் ஏறியது.

பியூஸ்போனவன் · அம்பத்தூர் · வியாழன் காலை 6.55

அந்த 14க்கு 11 அறையைப் பற்றி முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும், ஆம்ப் ஜோரில் விட்டுவிட்டேன்.

ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 1130 அடி போகிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே அரை அலை அடங்கும் சுருதியில் அறை தானே ரீங்காரம் போடும். உங்கள் 14 அடிக்கு அது 40 ஹெர்ட்ஸ். 11 அடிக்கு 51. 10 அடி உயரத்துக்கு 56. மூன்றும் ஒரே இடத்தில் குவிந்து நிற்கின்றன. கான்கிரீட் சுவர் இந்தச் சுருதியில் எதையும் உறிஞ்சாது. மரவீட்டில் வாழும் வெள்ளைக்காரர் சுவர் கொஞ்சம் அசைந்து கொடுக்கும், நம் சுவர் கொடுக்காது. அதனால் வெளிநாட்டு விமர்சனத்தில் "பாஸ் கொஞ்சம் மெலிவு" என்று எழுதிய ஸ்பீக்கர் நம் வீட்டில் சரியாக இருக்கும், "பாஸ் அருமை" என்று எழுதியது வீட்டை அதிர வைக்கும்.

40 ஹெர்ட்ஸை முழு பலத்தோடு தள்ளும் இரண்டு 8 அங்குல வூஃபர் ஒரு பக்கத்துக்கு. அதை அந்த அறையில் வைத்தால் 200 வாட் ஆம்ப் போட்டாலும் சாக்கு மூட்டைதான் கேட்கும். சுவரைவிட்டு மூன்றடி தள்ளி வைக்கலாம் என்றால் சோபா வராந்தாவுக்குப் போக வேண்டும்.

திருச்சி ஹார்பெத்தைப் போய்க் கேளுங்கள். காம்பாக்ட் 7 கீழே 45 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மெல்ல விலகிக்கொள்ளும், அது உங்களுக்குக் குறை இல்லை. 6 ஓம், கோடு பெரிதாக ஆடாது, வால்வுக்கு நல்ல பிள்ளை. 86 டெசிபல்தான். இருக்கட்டும், 40 வாட்டில் ஒரு மீட்டரில் 102 வரும். நீங்கள் உட்காரும் எட்டடியில், இரண்டு ஸ்பீக்கரும் அறையும் சேர்ந்து 98, 99. தவிலுக்கு அது போதும், பக்கத்து வீட்டுக்கு அதிகம்.

தவில்காது · தஞ்சாவூர் · வியாழன் காலை 8.02

98-இல் தவில். தெருவில் கேட்கும் தவிலின் பக்கத்தில் அது பொம்மைதான். ஆனாலும் சரி.

மயிலைமாமா · மயிலாப்பூர் · வியாழன் மதியம் 2.15

குழந்தைகளே, வயதானவன் ஒரு வார்த்தை. வால்வு ஆம்புக்கு எல்.எஸ். 3/5ஏ பற்றி யாரும் பேசவில்லையே? பி.பி.சி. தன் ஒலிபரப்பு வேன்களுக்குள் வைக்க எழுபதுகளில் செய்த குட்டிப் பெட்டி. கே.இ.எஃப். கம்பெனி டிரைவர்கள். பழையது 15 ஓம், 1987 வாக்கில் வந்தது 11 ஓம். வால்வுக்கு இதைவிடச் சுகமான பாரம் கிடையாது. குரல் என்றால் அதுதான் குரல். சத்தம் மட்டும் வராது, 82, 83 டெசிபல்தான். தவில் கேட்பவருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். விலையும் இப்போது சேகரிப்பவர்கள் கையில்.

யாராவது குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக் வாங்கலாமா என்று கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுகிறேன். 1957-இல் வந்த அந்த மாடல் ஒரு ஜோடி என்னிடம் பதினோரு வருடம் இருந்தது. தம்பூராவின் ஜீவா, அந்த ரீங்காரம், அதில் கேட்ட மாதிரி வேறெதிலும் கேட்டதில்லை, சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் உள்ளே ஆறாயிரம் வோல்ட் நிற்கும் பேனல், மெட்ராஸ் ஐப்பசி ஈரம். அடைமழை வந்தால் வலது பக்கம் சிட் சிட் என்று பொரியும், வெயில் வரும்வரை பாட்டு கிடையாது. மேல்சுருதியில் இம்பிடன்ஸ் 2 ஓம் பக்கம் இறங்கும், கூடுதல் வோல்ட் கொடுத்தால் ட்ரெபிள் பேனலில் பொறி பறக்கும். அதோடு வாழ ஒரு தனி மனைவி வேண்டும். எனக்கு வாய்த்தாள். எல்லோருக்கும் வாய்க்காது.

களிம்பு · வேளச்சேரி · வியாழன் மதியம் 3.00

மாமா சொன்ன ஆறாயிரம் வோல்ட்டை யாரும் வீட்டில் கழற்றிப் பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நிற்கும்.

கந்தர் · டொராண்டோ · வெள்ளி காலை 5.40

ஹார்பெத் பார்க்கப் போகும் தம்பிக்கு: முன்பலகையும் பின்பலகையும் திருகாணி பூட்டித்தான் இருக்கும், அது பழுதுபார்த்த அடையாளம் என்று நினைக்க வேண்டாம். பெட்டியைத் தட்டினால் டொக் என்று கேட்கும், சுவர் மெல்லியது. பழைய பி.பி.சி. முறைப்படி வேண்டுமென்றே அப்படிச் செய்வது. மற்ற கொம்பனிகள் கல் மாதிரிக் கட்டுவார்கள், இவர்கள் அதிர விட்டு அடக்குவார்கள். ஆணித் தலையில் கீறல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கோ. இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள்.

மொட்டைமாடி · மடிப்பாக்கம் · திங்கள் இரவு 10.10

திருச்சி போய் வந்தாயிற்று. வால்வுகளைக் கழற்றி ஒவ்வொன்றையும் ஒரு காலுறைக்குள் போட்டு, ஆம்பைப் போர்வையில் சுற்றி, ரயிலில். டி.டி.ஆர். "இது என்ன சார், இன்வெர்ட்டரா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன், விளக்க நேரமில்லை.

விற்பவர் கல்லூரிப் பேராசிரியர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அறை என்னுடையதைப் போலவே, அதே டைல்ஸ், அதே கான்கிரீட். ஆணித் தலைகளில் கீறல் இல்லை. மீட்டர், டோன், மோனோ எல்லாம் தேறின. பாடகர் மேல் பஞ்சமம் வரை நடுவைவிட்டு நகரவில்லை.

தவில் போட்டேன். 802-இல் அந்த 200 வாட் ஆம்போடு கேட்ட இடி இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடி விழுந்தது, நின்றது. அடுத்த அடி விழுந்தது, நின்றது. நான் இத்தனை நாள் தவில் என்று கேட்டுக்கொண்டிருந்ததில் பாதி என் அறையின் சத்தம் என்று அங்கே உட்கார்ந்துதான் புரிந்தது. குரல் பற்றி எழுத வேண்டாம், எழுதினால் மயிலைமாமா மாதிரி ஆகிவிடுவேன்.

ஒரே உறுத்தல், ஸ்டாண்ட். அவர் ஒரு டீப்பாய் மேல் வைத்திருந்தார், கீழ்ச்சுருதியில் டீப்பாயும் சேர்ந்து பாடியது. கீழே ஒரு புத்தக அடுக்கை மாற்றி வைத்ததும் பாதி போனது. இரும்புச் சட்டத்தில் திறந்த ஸ்டாண்ட் செய்யச் சொல்லியிருக்கிறேன், நம் தெருக்கோடி வெல்டரிடம். ட்வீட்டர் காது மட்டத்துக்கு வர எவ்வளவு உயரம் என்று சோபாவில் உட்கார்ந்து என் மகளை அளக்கச் சொன்னேன். மூன்று தடவை அளந்து மூன்று அளவு சொன்னாள்.

பணம் கொடுத்துவிட்டேன். ஒன்று 13 கிலோ. வீட்டில் "இவ்வளவுதானா?" என்று கேட்டார்கள். 802-ஐ முதலில் காட்டியதன் பலன்.

பெசன்ட் நகர் பெரியவருக்கு போன் செய்து வேண்டாம் என்று சொல்லச் சங்கடமாக இருந்தது. சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "பரவாயில்லப்பா, நீ சொல்றதுக்கு முன்னாடியே இன்னொருத்தர் ரெண்டு தடவ வந்து பாத்துட்டுப் போயிட்டார்" என்றார். அம்பத்தூர்காரராம்.

தவில்காது · தஞ்சாவூர் · திங்கள் இரவு 10.14

அம்பத்தூரா?

களிம்பு · வேளச்சேரி · திங்கள் இரவு 10.15

அம்பத்தூரா!

பியூஸ்போனவன் · அம்பத்தூர் · திங்கள் இரவு 11.48

சரி, சரி. நான் சொன்ன கணக்கு எதுவும் பொய் இல்லை, வேண்டுமானால் திரும்பப் போட்டுப் பாருங்கள். இவர் வேண்டாம் என்று சொல்லும்வரை நான் முன்பணம் கொடுக்கவில்லை, பெரியவரிடமே கேட்டுக்கொள்ளலாம். எங்கள் மாடி ஹால் 24 அடிக்கு 16. கீழே ஆம்ப் இருக்கிறது, 8 ஓமில் 250, 4 ஓமில் 450. குழி விழுந்த ட்வீட்டருக்கு மாற்று தேடிக்கொண்டிருக்கிறேன். களிம்பு, அந்த வேலை உங்களுடையது.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி வருகிறது. படிக்கட்டு குறுகல், நடுவில் ஒரு திருப்பம். நாலு ஆள் வேண்டும்.

மொட்டைமாடி · மடிப்பாக்கம் · செவ்வாய் காலை 6.30

வருகிறேன். என் ஆம்பை நீங்கள் யாரும் தூக்கவில்லை என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். காலை டிபன் உங்கள் செலவு, வடையோடு.